பல் இறக்கிய பிறகு

வினிபெக்கில் இன்று மைனஸ் இருபத்தெட்டு.
பஸ்ஸை டிப்போவில் விட்டு வந்து
சீருடையைக்கூடக் கழற்றாமல்
தையல் மெஷினின் பற்களைக் கீழே இறக்குகிறேன்.

இனி துணியை அது இழுத்துப் போகாது.
ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும்,
நகர்த்த வேண்டியது நான்.

கால் பரவாயில்லை,
பதினொரு வருடம் பனியில் பிரேக் மிதித்த கால்.
கைதான் பயப்படுகிறது.
கால் ஓடிக் கை தயங்கினால்
கடுகு கடுகாய் நூல் திரளும்.
கை முந்தினால் தையல்
பல் போன சீப்பு.

வளைந்து வளைந்து போ,
போட்ட கோட்டைக் குறுக்கே வெட்டாதே.
பஞ்சு விற்ற மிரேய் சொன்னது அவ்வளவுதான்.
மூன்றாம் திருப்பத்திலேயே வெட்டினேன்.

மேலே பார்த்தால் ஏதோ ஆறு மாதிரி.
புரட்டினால்
வளைவுக்கு வளைவு இமைமயிர்,
நடுவே ஒரு குருவிக்கூடு.

பத்தரை மணிக்கு, எப்படியோ,
நான்கு நிமிடம் நிற்காமல் ஓட்டினேன்.
தடம் இல்லை. நிறுத்தம் இல்லை.
யாரும் கயிற்றை இழுத்து மணியடிக்கவில்லை.

எழுந்தேன்.
துணியும் கூடவே எழுந்தது,
சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

காலை ஐந்தேகாலுக்கு இதே சட்டைதான் வேண்டும்.
பிரிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தே இருக்கிறேன்.
தையல் எல்லாம் ஒரே அளவில் விழுந்தது
அங்கே மட்டும்தான்.