தற்காலிக இணைப்பு

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
எல்லாம் செய்க.
ஓரளவு செய்க.
வலியை மட்டும் தணிக்க.

வைரப்பெருமாள் நான்காவதாக ஒன்று சொன்னார்.

மார்ச் மாதம், யீஷூன், ஏழாவது மாடி.
முப்பத்தொரு ஆண்டு தண்ணீர்க் குழாய் பதித்தவர்.
தோ பாயோவில் எந்தத் தார்ச்சாலைக்கு அடியில்
எத்தனை அங்குலக் குழாய் ஓடுகிறதென்று
அப்போதும் சொல்வார்,
மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி மூச்சு வாங்கி.

"குழாய் வேணாம் டாக்டர்.
நான் போட்டதே போதும்."

சிரித்தேன். அவரும் சிரித்தார், இருமல் வரும்வரை.
மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டேன்.

பேனாவை மூடிய பிறகுதான் சொன்னார்:
"ஒண்ணு மட்டும். மக பெர்த்துல இருக்கா.
அவ வந்து சேர்ற வரைக்கும்னா
ஒரு டெம்பரரி லைன் போட்டுக்கலாம்.
மெயின் ஒடஞ்சா நாங்க போடுவோமே, அந்த மாதிரி.
நாலு வீட்டுக்குச் சமையல் ஆகணுமில்ல?
ஆனா போட்டவங்கதான் கழட்டணும்.
அது எங்க வேலையில சட்டம்."

தலையாட்டினேன்.
அடுத்த படுக்கையிலிருந்து அழைப்புமணி.
டெம்பரரி லைனுக்குப் படிவத்தில் இடமில்லை.
இல்லை, இருந்தது.
'பிற குறிப்புகள்' என்று இரண்டு வரி,
நான் வெறுமையாக விட்ட இரண்டு வரி.


ஆகஸ்ட். இரவு இரண்டு நாற்பது.
எழுப்ப முடியாத தூக்கத்தில் அவர்.
மகன் குணாளன் கையில் படிவத்தின் நகல்,
நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து.
போன வாரம்வரை 'எல்லாம் செய்யுங்க' என்றவர்
அழுது முடித்த குரலில் சொல்கிறார்:
"அப்பா விரும்பினதையே செய்வோம் டாக்டர்.
இதுல எழுதியிருக்கு."

எழுதியிருக்கிறது. என் கையெழுத்து.
பொய் சொல்லவில்லை,
பாதியில் நிறுத்திக்கொண்டது.

அக்கா விமானம் ஏறிவிட்டாள் என்கிறார்.
ஐந்தரைக்கு இறங்குமாம்.

நோயாளியின் விருப்பத்தை மதி என்று படித்திருக்கிறேன்.
எந்த விருப்பத்தை?
கட்டத்துக்குள் விழுந்ததையா,
பேனா மூடியபின் விழுந்ததையா?
என் நினைவைத் தவிர அதற்குச் சாட்சியில்லை.
ஐந்து மாதத்தில் எத்தனை படுக்கை,
எத்தனை 'ஒண்ணு மட்டும்'.
வேறு யாரோ சொன்னதை இவர் வாயில் வைக்கிறேனா?
மாட்டேன். டெம்பரரி லைன் என்று
ஒன்பதாம் படுக்கை வங்கிக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

குணாளனிடம் சொன்னேன், முழுதும்,
அந்த வெற்று வரிகளை விரலால் காட்டி.
கோபப்படுவார் என்று நின்றிருந்தேன்.
"நாலு வீட்டுச் சமையலா?" என்றார்.
"அது அப்பாதான்."

தொண்டைக்குள் எதுவும் இறக்கவில்லை. முகமூடி.
இறுக்கும் ரப்பர், காற்றைத் தள்ளும் சின்னப் பெட்டி.
மாரிசெல் மூக்குத்தண்டில் பஞ்சு வைத்தாள்.
வாரை மாட்டியது நான்.
அவர் ஒருமுறை கையை உயர்த்தினார்.
வேண்டாமென்றா, சரியென்றா,
இன்றுவரை தெரியாது.

விமானம் தாமதம்.
புஷ்பலீலா வந்தபோது எட்டு பத்து.
தோள்பையைக்கூட இறக்காமல்
அவர் காதருகே பேசிக்கொண்டே இருந்தாள்:
பையனுக்குத் தேர்வு முடிந்தது, பழைய காரை விற்றாயிற்று,
அங்கே குளிர், குழாய்த் தண்ணீர் சுள்ளென்று கடிக்கிறது.
அப்பா கண் திறந்தார் என்று அவள் சொல்கிறாள்.
நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல்பணி மருத்துவர் தோளைத் தொட்டார்:
நீங்கள் வீட்டுக்குப் போங்கள், இனி நான் பார்க்கிறேன்.
இல்லை என்றேன்.
ஏன் என்றார்.
வேலையில் சட்டம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மார்பின் ஏற்றினோம். காத்திருந்தோம்.
பதினொன்று ஆனதும் லீலா என்னைப் பார்த்தாள்.
இடப்பக்க வார். பிறகு வலப்பக்கம்.
கன்னத்தில் ரப்பர் பதிந்த தடம்,
சாலையை வெட்டி, குழாய் பதித்து,
மறுபடி தார் ஊற்றிய இடத்தில் தெரியுமே,
அப்படி ஒரு கோடு.