நாற்பத்தொன்று

கோபுரம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.
பதினெட்டு மீட்டர் இரும்புக் குழாய்,
மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி,
உச்சியில் சாப்பாட்டுத் தட்டளவு ஆன்டெனா.
நானும் கொழுந்தன் எவரிஸ்டோவும் நிர்வாகம்.
சொத்து, ஒரு ஏணியும் ஒரு குதிரையும்.

பத்தகோனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
காற்று மேற்கிலிருந்து வரும்.
வந்தால் போகாது.
ஜூனில் பனி உறைந்தால் ஆன்டெனா குருடு,
மூன்றாம் நாள் பேட்டரி சாகும்.
இணைப்பு போனதை
எந்த இணைப்பில் சொல்வார்கள்?
நேரே வாசலுக்கே வருவார்கள்
சேற்றுக் காலோடு,
நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும்.

கோய்ஹைக்கேயில் பெரிய கம்பெனியிடம்
மொத்தமாய் வாங்கிச் சில்லறையாய் விற்கிறோம்.
விலை ஏற்றும்போதெல்லாம் கடிதம் வரும்:
'அன்புள்ள பங்காளிக்கு.'
சரியான சொல்தான்,
வரப்பை வெட்டுகிறவனும் பங்காளிதானே.
நான் யாரிடம் ஏற்றுவது?
ஓர்டென்சியா பாதிக்குப் பணமும்
பாதிக்கு விறகும் தருகிறாள்.

மானியத்துக்கு மனு எழுதினேன், நாற்பது பக்கம்.
இணையத்தில்தான் ஏற்ற வேண்டுமாம்.
தொண்ணூறு சதவீதத்தில்
காற்று அடித்தது.

போன வசந்தத்தில் ஓர் இரவு
எறும்புச் சாரையாய் விளக்குகள்
வானத்தில் ஊர்ந்து போயின.
அடுத்த மாதமே கூரைகளில் வெள்ளைத் தட்டுகள்.
நாற்பத்தொன்று இருபத்தாறானது.
குறை சொல்ல மாட்டேன். நல்ல வேகம்.
என் மகளே பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான்
படம் பார்க்கிறாள்.

நேற்று இரவு நோல்பெர்த்தோ கதவைத் தட்டினான்.
முதலில் விலகியவன்.
அவன் தட்டிலும் பனி.
காவல் சாவடித் தொலைபேசியில்
உதவி எண்ணைக் கூப்பிட்டானாம்.
ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றதாம்
ஊர் பேர் தெரியாத ஒரு குரல்.
காலை எட்டு மணிக்கு
மனைவியை மருத்துவர் திரையில் பார்க்க வேண்டும்.
என் இணைப்பில் என்றால்
மருத்துவர் முகம் கட்டம் கட்டமாய் உடையும்.
அவனும் அதைச் சொல்லவில்லை,
நானும்.

ஏணியை எடுத்தேன்.
எவரிஸ்டோ முணுமுணுத்துக்கொண்டே
டார்ச் பிடிக்க வந்தான்.

கையுறை கிழியக் கிழிய
அடுத்தவன் தட்டைச் சுரண்டினேன்.
கூரை மேலிருந்து பார்த்தால்
பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது.
என் கோபுரத்தின் சிவப்பு விளக்கு மட்டும்
எரியவில்லை.
எத்தனை நாளாகவோ.

கூலியாக ஆறு முட்டை.
பல்பாகத்தான் இருக்கும், பல்பாகத்தான் இருக்கும் என்று
முட்டை உடையாமல்
வீடு வரை நடந்தேன்.