அரைப் பேர்

விலையில் ஒரு சுழி விடுபட்டிருந்தது.
எங்கோ யாரோ தூக்கக் கலக்கத்தில்
பதினெட்டாயிரம் வெள்ளியை
ஆயிரத்து எண்ணூறு என்று தட்டிவிட்டார்கள்.
கொழும்பிலிருந்து பிராங்க்பர்ட், முதல் வகுப்பு, போக வர.
இரவு பதினொன்றே முக்கால்.
எடைமேடை அறையில்
கடைசி லோரிக்காகக் காத்திருந்தேன்.

சுழிகளை எனக்குத் தெரியும்.
பதினாறு வருஷமாக அவற்றைத்தான் காவல் காக்கிறேன்.
ஒன்று கூடினால் மில் மேலாளர் கூப்பிடுவார்,
ஒன்று குறைந்தால்
முகிலரசன் லோரியை நடுமேடையில் விட்டுவிட்டு
இறங்கி வருவான்.
வாங்கிவிட்டேன்.

தங்க அட்டைக்கு இன்னும் நூற்றுப்பத்துப் புள்ளி,
டிசம்பர் முடிவதற்குள்.
ரசாலி கேட்டார், அங்கே யார் இருக்கிறார்கள்?
யாருமில்லை.
என்ன பார்ப்பாய்?
ஒன்றுமில்லை, போய்த் திரும்புவதுதான் வேலை.
லோரி மாதிரியா, என்றார்.
லோரியாவது குலையை இறக்கிவிட்டு வரும்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும்
பையோடு என் மைவியை மேடையில் ஏற்றிப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
ஆயிரத்து எண்பது கிலோ.
பீடோர் பஸ் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு
கேஎல் பஸ்ஸைப் பிடித்தேன்.
கொழும்பு வரை மலிவு விமானம், நடு இருக்கை,
இரண்டு பக்கமும் முழங்கைகள்.

அதன் பிறகு ஒன்று ஏ.
இருக்கைக்குக் கதவு உண்டு, சாத்திக்கொள்ளலாம்.
கடப்பிதழில் நான் நேசமலர் ஏ/பி சின்னாண்டி.
பயணச்சீட்டிலோ சாய்கோடு கிடையாது, இடைவெளியும் கிடையாது.
பணிப்பெண் மிலேனா பக்கத்தில் மண்டியிட்டு
என் பெயரை மூன்று முறை வட்டமடித்தாள்,
இறங்க இடம் கிடைக்கவில்லை,
கடைசியில்
"மிஸ் ஏபி" என்று தரை தொட்டாள்.

கறுப்பு மீன்முட்டை,
அதற்கென்று சிப்பியில் செய்த கரண்டி.
உப்பு.
பையிலிருந்து கொய்யாவை எடுத்தேன்,
பீடோர் ரோட்டோரக் கொய்யா, அசாம் பொடி பொட்டலத்தோடு.
மிலேனாவுக்கு ஒரு துண்டு நீட்டினேன்.
கண்ணைச் சுருக்கினாள்.
சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து
இன்னொன்று கேட்டாள்.

தோகாவில் மாறியதும் மெத்தை விரித்தார்கள்,
சாம்பல் நிறப் பைஜாமா கொடுத்தார்கள்.
தூங்கினால் பணம் நட்டம் என்று
இரவு முழுக்க விழித்திருந்து
படுத்திருப்பதை அனுபவித்தேன்.

ஜெர்மனியில் இரண்டு மணி நேரம்.
குடிநுழைவைத் தாண்டவில்லை.
ஜெர்மனி எனக்கு
ஒரு கோப்பை சூப்பு, ஒரு கழிவறை,
கண்ணாடிக்கு அப்பால் பனியில் நின்று
கையுறைக்குள் ஊதிக்கொண்டிருந்த ஒரு மனிதர்.
ஏறியது அதே விமானம், அதே ஒன்று ஏ.
தலையணை உறை புதிது.
ஜன்னலில் என் விரல் ரேகையை மட்டும்
துடைக்க மறந்திருந்தார்கள்.

செவ்வாய் விடியற்காலை,
பசியாறக்கூட இல்லை,
பைஜாமாவோடு நேராக மில்லுக்கு ஓட்டினேன்.
செம்பனைகளுக்கிடையே பனிமூட்டம்,
கொதிகலன் புகை நேராக நின்றது.
மேடையில் ஏற்றினேன்.
ஆயிரத்து எண்பது.
பத்துக் கிலோவுக்குக் கீழே எது நடந்தாலும்
இந்த மேடை கண்டுகொள்வதில்லை.
வந்த எடையிலிருந்து போன எடையைக் கழித்தேன்.
சுழி.
விடுபட்டது இங்கே வந்திருந்தது.

பிப்ரவரியில் அட்டை வந்தது.
தங்க நிறம்தான்.
எழுத்துக்கு இடம் போதாமல்
"நேசமலர் ஏபி சின்" என்று நின்றிருந்தது.
அரைநாள் வேலைக்கு
தோட்டத்தில் அரைப் பேர் போடுவார்கள்,
மில்லிலும் அந்தச் சொல் இன்னும் போகவில்லை.
ரசாலிக்கு அதை விளக்கிச் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை.

முகிலரசன் லோரியில் இருந்தபடியே
அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
இதை வச்சு என்ன செய்யலாம்?
வரிசையில நிக்க வேண்டாம், என்றேன்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.
பதினான்கு லோரி, வெயிலில், குலை பழுத்துக்கொண்டு.

இங்க செல்லுமா? என்றான்.