கால் திருகு

வலது கீழ் மூலையில் மட்டும்
நட்சத்திரங்கள் சீரகமாய் நீண்டிருந்தன.
ஆரியங்காவுக் கணவாய்க் காற்றைத் திட்டினேன்.
புளியரைச் செக்போஸ்டில் உறுமி ஏறும்
சிமெண்ட் லாரிகளைத் திட்டினேன்.
முக்காலிக்கு அண்டை கொடுத்துச் சலித்த மைமூன் சொன்னாள்:
"கேமராவ அரைவட்டம் திருப்புங்க,
படத்துல மூலை மாறுதா?"

மாறவில்லை.
அதே வலது, அதே கீழ், அதே சீரகம்.
இரண்டு மாதமாய்க் காற்றின் மேல் போட்ட பழி
கைக்குள்ளேயே இருந்திருக்கிறது,
முந்நூறு கிராம்.

மூன்று திருகுகள்.
ஒன்றை மட்டும் கால் சுற்று.
அறுபது நொடி, மூச்சு விடாமல்.

சீரகம் கடுகானது.
எதிர் மூலையில் இப்போது
ஒன்றிரண்டு லேசாய்க் கோணுகின்றன.
மறுபடி ஆலன் கீயை எடுத்தேன்.
"போதும், கைய எடுங்க" என்று
அவள் சொல்லி முடிக்குமுன்
கேரளத்து மேகம் கணவாய் தாண்டி வந்து
நான்கு மூலைகளையும்
ஒன்றுபோல் மூடிற்று.