அரைத் திருகு

உஸ்ஸூய்க்குத் தெற்கே, கண்டல் காடு முடிகிற இடத்தில்
தகரக் கூரைக்கடியில் இருமிக்கொண்டிருக்கிறதே
ஒரு டீசல் இயந்திரம், அது என்னுடையது.
பதினோரு வருடக் கடன். மூன்று தவணை மிச்சம்.

எனக்குக் கூலி காசாக இல்லை, தவிடாக.
உப்புவயலில் நீண்ட மண்வாரியால் ஆண்கள் வரப்புப் போட,
பெண்கள் குனிந்து நட்டு, குனிந்தே அறுத்த நெல்
என் இயந்திரத்தின் வாயில் விழும்.
வெள்ளை அவர்கள் கூடைக்கு.
சிவப்பு எனக்கு.

சலித்து உள்ளங்கையில் எடுத்தால் செங்கல் பொடி.
முகர்ந்தால் வறுத்த கடலை, அடியில் கொஞ்சம் மழை.
என் பன்றிகள் அதைத்தான் தின்றன.
எண்ணெய் பூசியதுபோல முதுகு மின்னும் அவற்றுக்கு.

செவிலியர் மாலாங் ஸானே
மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார்.
இலவமரத்தடியில் பெட்டியைத் திறந்து
கர்ப்பிணிகளின் விரலில் குத்துவார், ஒரு சொட்டு, ஒரு எண்.
என் மனைவி ஓனோரினுக்கு அப்போது ஆறாம் மாதம்.
எட்டுப் புள்ளி மூன்று.
கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
உள்ளே சிப்பியின் வெளுப்பு.

என்ன சாப்பிடுகிறாய்?
சோறுதான். வேறென்ன?
என் புருஷன் தீட்டியது, இந்த வட்டாரத்திலேயே வெள்ளை.

பெருமையாகத்தான் சொன்னாள்.
மாலாங் என் தொழுவத்தைப் பார்த்தார், வெகுநேரம்.
பிறகு கேட்டார்:
இதுகளுக்கு யார் வைத்தியர்?

அன்றிரவு தூக்கமில்லை.
தவிட்டுக்கு நீண்ட கை தங்கத்துக்கும் நீளும் என்பார்கள்.
என் கை தவிட்டோடு நின்றது என்றுதான்
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.
தவிடுதான் தங்கம் என்று யாரும் சொல்லவில்லை.

எழுந்து போய், விளக்கில்லாமல்,
இயந்திரத்தின் திருகை அரைச்சுற்றுத் தளர்த்தினேன்.

காலையில் எஃபிஜெனி கத்தினாள்:
இதென்ன, பாதி உடுத்திய அரிசி!
பிளேடு தேய்ந்துவிட்டது என்றேன்.
ஸிகின்ஷோரிலிருந்து புதுசு வரும் என்றேன்.
கத்த அவளுக்கு உரிமை உண்டு.
சிவப்பு நெல்லைக் கடற்கரை ஹோட்டலுக்கு விற்றுவிட்டு
சேவல் படம் போட்ட மூட்டையில் குருணை வாங்குகிறவள்.
அந்தச் சாக்குதான் அவள் கடைக்குட்டிக்குக் கால்சட்டை,
சேவல் சரியாகப் பின்புறத்தில்.
வீட்டுக்கென்று வைத்த நெல் கொஞ்சம்.
அதையும் நான் கெடுத்தால்?

வேக நேரமாகிறது என்றார்கள். உண்மை.
உமி பொறுக்கிக் கண் வலிக்கிறது. உண்மை.
ஒரு வாரம் தாண்டினால் காறல் வாடை. அதுவும் உண்மை.
ஒரு கிண்ணம் போதும், மாலை வரை வயிறு கேட்பதில்லை என்று
ஒருத்தி மட்டும் சொன்னாள்,
புகார் சொல்கிற அதே குரலில்.

தவிடு குறைந்தது. கூலி குறைந்தது.
பன்றிகள் கடன்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தன.
இரண்டை விற்றுத் தவணை கட்டினேன்.

அடுத்தடுத்த மாதம் ஓனோரினின் விரலில்
ஒன்பது புள்ளி ஆறு.
தவிடுதானே? என்றேன், அவசரப்பட்டு.
மாலாங் சிரித்தார். இரும்பு மாத்திரையும் கொடுத்தேனே.
கீரை தின்னச் சொன்னேனே. மட்டி தின்றாளே.
இந்த எண்ணுக்கு யார் அப்பன் என்று
இரத்தம் சொல்லாது தம்பி.
மாத்திரையை நிறுத்திவிடாதே.
திருகையும் தொடாதே.

இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிளேடு நிஜமாகவே வந்துவிட்டது, பழைய ஆர்டர் ஒன்றில்.
எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.
நேற்று எஃபிஜெனி அண்ணாந்து பார்த்தாள்.
பார்த்தாள், சும்மா இருந்தாள்,
கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்:

மாட்டாதே.
ஆனால் இந்த அரிசி வேக
என் வீட்டு விறகுக்கு நீ பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது
விறகு வெட்டுகிறேன்.