நிமிடத்துக்கு எழுபத்தெட்டு

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது
தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியே கிடந்தது.
இரண்டாயிரத்து நூறு ரூபாய்.
காப்பிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன்.
கண்டக்டர் தெரிந்த பையன், லக்கேஜ் போடவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
உள்ளே ஏதோ ஒன்று உருண்டு
இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை
இல்லை இல்லை என்றது.

மெய்யனூர் பணிமனையில் முப்பத்தோரு வருஷம்
பஸ்ஸுக்குப் பட்டை வில் மாற்றியவன் நான்.
வில் என்றால் தாங்குவது என்றிருந்தேன்.
இது சுருண்டு கிடந்து காத்திருக்கும் வில்.
மூடியைத் திறந்ததும்
பன்னிரண்டு அடிக்கு வெளியே பாய்ந்து
உள்ளங்கையைக் கிழித்து
கிச்சிப்பாளையம் வீட்டுப் பின்சுவரில்
கறுப்பு மசகால் ஒரு கோடு போட்டது.

கோகிலவாணி வந்து பார்த்தாள்.
டெட்டால் புட்டியைப் படியில் வைத்தாள்.
போய்விட்டாள்.
ஆடிப் பதினெட்டிலிருந்து இப்படித்தான்.
கருப்பூர் மனையை அவளிடம் சொல்லாமல் விற்றேன்.
அதற்குமேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

பழைய மசகு தார் மாதிரி இறுகியிருந்தது.
மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன்.
ஒலிப்பெட்டிக்குள் மைக்காத் தகடு, அப்பளத்தைவிட மெலிசு;
ஓரத்து ரப்பர் கல்லாகிப் பொடிந்திருந்தது.
அந்த இடத்தில் சைக்கிள் வால்வ் டியூப் கச்சிதமாக உட்கார்ந்தது.
முழு இயந்திரத்திலும்
நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடம் அதுதான்.

வளைவுகளில் உருண்டது எதுவென்றும் தெரிந்தது.
வேகத்தைக் கட்டும் மூன்று ஈயக் குண்டுகளில் ஒன்று
திருகு உதிர்ந்து கழன்றிருந்தது.
மூன்றும் விரிந்து சுழன்றால்தான் தட்டு நிதானப்படும்,
இரண்டோடு ஓட்டினால் பெட்டியே உதறும்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுத் திருகு ஒன்று வாங்கினேன்.
மரை பொருந்தி இறங்கியது.

நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று வர வேண்டும்.
இசைத்தட்டின் அடியில் காலண்டர் தாளைக் கிழித்துச் செருகி
அது என்னைக் கடக்கும்போதெல்லாம் எண்ணினேன்.
முள்ளைப் பார்த்தால் தாள் போகிறது.
தாளைப் பார்த்தால் நேரம் போகிறது.
நாற்பதைத் தாண்ட முடியவில்லை.
சாவி கொடுத்துக் கொடுத்துத் தோள்பட்டை விட்டுப்போனது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி
எதிரே வந்து உட்கார்ந்தாள்.
"நேரத்தப் பாருங்க. நான் எண்ணறேன்."

சீட்டுப் பணம் எண்ணும் அதே குரல்.
இருபதுக்குமேல் எண்கள் நீளமாகிவிடுகின்றன,
சுற்று அதற்காகக் காத்திருப்பதில்லை.
பத்துக்கு ஒரு விரலை மடக்கிவிட்டு
மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கினாள்.
எழுபத்தொன்று.
திருகைக் கால் சுற்று முடுக்கினேன். எண்பத்துநாலு.
மயிரிழை பின்னால்.
நான்கு மாதத்தில் அவள் என் முகத்துக்கெதிரே பேசியது
இந்த மூன்று நிமிடம்தான், அதுவும் எண்களாக.
"எழுபத்தெட்டு," என்றாள்,
பால்கணக்கு சொல்வதுபோல.

புது ஊசி போட்டேன்.
பெட்டியோடு வந்த ஒரே தட்டு, பெயர்த்தாள் உரிந்தது,
நடுவிலிருந்து விளிம்புவரை விரிசல்.
யாரோ ஒரு ஆள் எதையோ இழுத்து இழுத்துப் பாடினான்.
விரிசல் சுற்றுக்கு ஒரு முறை டக் என்றது.
முடிந்து, ஊசி உள்வட்டத்தில் உரசியது.

"நல்லா இருந்துச்சா?"

"எரநூத்தி முப்பத்திநாலு டக்கு," என்றாள்.

வகுத்துப் பார்த்தேன். துல்லியமாக மூன்று நிமிடம்.
பாட்டை அவள் கேட்கவேயில்லை.

ஊசியைத் தூக்கினேன்.
தட்டு அதன்பாட்டுக்குச் சுற்றியது.

"எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

எதை என்று நான் கேட்கவில்லை.
தொகையைச் சொன்னேன்.

வில் முழுக்க இறங்கித் தட்டு ஓயும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
காலண்டர் தாள்
அவள் பக்கம் நின்றது.