இடப்பக்கத்துக் காது

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை
கேபினின் கதவைப்போல
தானே சாத்திக்கொண்டது இடது காது.

மேலே எல் ஆல்டோ, கீழே லா பாஸ்.
நடுவே கம்பியில் தொங்கும் பெட்டிகளில்
ஆட்களை ஏற்றி இறக்குவது என் வேலை.
"உயரம்" என்றார்கள் எல்லோரும்.
இந்த ஊரில் எதற்கும் உயரம்தான் காரணம்:
உருளைக்கிழங்கு வேகாததற்கு,
பந்து வளையாததற்கு,
தோமாசாவின் புருஷன் ஓடிப்போனதற்கு.

கொட்டாவி விடு என்றார்கள்.
விட்டேன்.
மூக்கைப் பிடித்து ஊது என்றார்கள்.
ஊதினேன்.
நாத்தனார் சாந்துசா செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி
காதில் நட்டு நுனியில் தீ வைத்தாள்.
தேர்தல் செய்தி முழுவதும் எரிந்தது.
காது அப்படியே இருந்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்டால்
சொல்லத் தெரியவில்லை.
கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல
என் குரல் எனக்கே முழங்குகிறது.
ரொட்டி மெல்வது சரளையில் லாரி.
மூச்சு, அலை.
கடலைப் போரில் தோற்ற நாடு இது.
மார்ச்சில் அதற்காக ஊர்வலம் போனார்கள், பேண்டு வாத்தியத்தோடு.
நான் நடைமேடையில் நின்று பார்த்தேன்,
எனக்குள் மட்டும் அலையடிக்க.

முதல் டாக்டர் அழுக்கு என்று தண்ணீர் பீய்ச்சினார்.
இரண்டாமவர் சளி என்றார், மூக்குக்கு ஸ்ப்ரே, மூன்று மாதம்.
மூன்றாமவர் கண்ணாடி அறையில் உட்காரவைத்து
ஊசி விழும் சத்தம்வரை கேட்கவைத்தார்.
தாளில் கோடு நேராக வந்தது.
"எல்லாம் நார்மல். கவலை அதிகமோ?"
நரம்புக்கு மாத்திரை.

குனிந்து ஷூ நாடாவைக் கட்டும்போது
காது திறந்துகொள்கிறது, நிமிர்ந்தால் போய்விடுகிறது
என்று மூவரிடமும் சொன்னேன்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
அதனால் ஒரு நாளைக்கு இருபது தடவை நாடா கட்டினேன்.
சூப்பர்வைசர் புது ஷூ வாங்கச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் விடிகாலை நாலுக்கே டோக்கன்.
இடது காது கதவுப் பக்கம் இருக்க உட்கார்ந்துவிட்டேன்.
"லிமாச்சி, எர்மினியா."
மூன்று முறை கூப்பிட்டார்களாம்.
என் மூச்சுதான் கேட்டுக்கொண்டிருந்தது.
அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து.

ஐந்து வாரம் கழித்து டாக்டர் இப்போர்ரே,
சின்னப் பெண், கையில் பேனா மைக்கறை.
வலது மூக்கை மூடி இழுத்து மூச்சு விடுங்கள் என்றாள்,
காதுக்குள் பார்த்துக்கொண்டே.
விட்டேன். இன்னொரு தடவை என்றாள்.
"உங்கள் செவிப்பறை மூச்சோடு உள்ளே போய் வருகிறது,
ஜன்னல் திரை மாதிரி."

அடைப்பே இல்லையாம்.
மூக்குக்கும் காதுக்கும் நடுவே ஒரு குழாய்.
மூடியே கிடக்கவேண்டியது,
விழுங்கும்போது மட்டும் திறக்கும்.
எனக்கு அது மூடமாட்டேன் என்கிறதாம்.
எட்டு மாதமாக
திறந்த கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போன வருடம் எத்தனை கிலோ இருந்தீர்கள்?"
யாரும் கேட்டதில்லை இதை.
பதினொன்று குறைந்திருந்தது.
மகன் வில்மரின் மோட்டார் சைக்கிள் கடன்.
அதை அடைக்க மதியச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன்.
ஜூலையில் கடன் அடைந்தது.
ஆகஸ்டில் காது.

குழாயைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு இருக்குமாம்,
தலையணை போல.
அதைத்தான் நான் தவணையில் கட்டியிருக்கிறேன்.
பசி காதை அடைக்கும் என்பதை
பேச்சுக்குச் சொல்வது என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஸ்ப்ரேயை நிறுத்தச் சொன்னாள்.
தண்ணீர் குடி, சாப்பிடு, சரியாகலாம்,
ஆகாமலும் போகலாம் என்றாள், என் முகத்தைப் பார்த்தே.
அந்த இரண்டாவது பாதிக்காக அவளை எனக்குப் பிடித்தது.

இப்போது பகல் பன்னிரண்டுக்கு
தோமாசாவின் கடையில் வேர்க்கடலை சூப்.
இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.
அலை ஓயவில்லை.

நேற்று கடைசி நடையில் ஒரு பெட்டி காலியாக வந்தது.
ஏறி உட்கார்ந்து சீட்டை எடுத்து
நோயின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
நீளமான பெயர்.
கீழே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
தலைக்குள் ஒரு தடவை,
வெளியே ஒரு தடவை
கேட்டது.